மூடிய குழாய்க்குள் கறுக்கும் நீர்

குளிர்நாட்டு வீடுகளில் கொதிகலனில் சூடேறிய நீர், எஃகுத் தகட்டால் ஆன ரேடியேட்டர்கள் வழியாக அறை அறையாகச் சுற்றிவந்து, சூட்டை இறக்கிவைத்துவிட்டு மீண்டும் கொதிகலனுக்கே திரும்பும். ஒவ்வொரு ரேடியேட்டரின் மேல்மூலையிலும் சிறு திருகு ஒன்று உண்டு. மேற்பகுதி சூடேறாமல் கிடந்தால் உள்ளே வாயு அடைத்திருக்கிறது என்று அர்த்தம். திருகைச் சற்றே தளர்த்தினால் அது சீறிக்கொண்டு வெளியேறும். பெரும்பாலும் அது வெறும் காற்றுதான். சில வீடுகளில் மட்டும் அதே ரேடியேட்டரில் வாயு திரும்பத் திரும்பச் சேரும். தீ பட்டால் எரியும். அது ஹைட்ரஜன். வாயு தீர்ந்ததும் திருகின் வழியே வழியும் நீர் மைக்கறுப்பாக இருக்கும்.

யாரும் அந்தக் குழாய்க்குள் ஹைட்ரஜனை அடைக்கவில்லை, கறுப்புச் சாயம் எதையும் கலக்கவுமில்லை. உள்ளே போனவை தெளிந்த குழாய்நீரும் எஃகும்தான். வெளிச்சம் படாத குழாய்க்குள் இவ்விரண்டும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் நடத்தும் வேதியியல் எனக்கு எப்போதும் வியப்பூட்டுவது. அதைத் தடுக்க மனிதர்கள் நீரில் எதையெதைக் கலந்தார்கள், கலந்ததால் என்னென்ன நேர்ந்தது என்ற கதை அதைவிட வியப்பானது.

இப்படி ஒரே நீரையே சுற்றவிடும் அமைப்பை மூடிய சுற்று என்கிறார்கள். நம் ஊரில் வீட்டைச் சூடாக்கும் தேவை இல்லை. ஆனால் சென்னையின் பெரிய மருத்துவமனைகளிலும் ஐ.டி. கட்டடங்களிலும் மைய ஏ.சி. இதே முறையில்தான் இயங்குகிறது. சில்லர் இயந்திரம் ஏறத்தாழ 7 டிகிரிக்குக் குளிர்வித்து அனுப்பும் நீர், மாடிதோறும் அறைகளின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு 12 டிகிரி அளவில் திரும்பி வருகிறது. பேருந்து எஞ்சினைச் சுற்றும் கூலன்ட்டும் மூடிய சுற்றுதான். பூமிக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள்ளும் அப்படிச் சில சுற்றுகள் உண்டு. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கினேன். அதற்கு முன் இரும்பு எப்படி அரிக்கப்படுகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிட வேண்டும்.

இரும்பும் நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது சரிதான். ஆனால் மூன்றும் ஓரிடத்தில் கூடி நின்று துருவை உண்டாக்குவதில்லை. இரும்பின் பரப்பில் ஓரிடத்தில் ஓர் அணு தன் இரண்டு எலக்ட்ரான்களை உலோகத்திலேயே விட்டுவிட்டு, அயனியாகி நீருக்குள் இறங்கிவிடுகிறது. விட்டுச்சென்ற எலக்ட்ரான்கள் உலோகத்தின் ஊடாகவே ஓடி வேறோர் இடத்துக்குப் போகின்றன. அங்கே நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. கரையும் இடம் ஒன்று, ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கும் இடம் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே உலோகத்தில் எலக்ட்ரானும் நீரில் அயனிகளும் நகர்கின்றன. சுருக்கமாகச் சொன்னால் மின்கம்பி இல்லாத ஒரு பேட்டரி. இரும்புத்துண்டு ஒன்றின் மேல் இப்படிப்பட்ட நுண்பேட்டரிகள் எண்ணற்றவை ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதைக் கண்ணால் பார்க்க வழிசெய்தவர் கேம்பிரிட்ஜில் பணியாற்றிய யுலிக் ரிச்சர்ட்சன் எவன்ஸ். தேய்த்துச் சுத்தம் செய்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புநீர். அதில் இரண்டு வேதிப்பொருள்கள் கலந்திருக்கும். ஒன்று, கரைந்த இரும்பைக் கண்டால் நீலமாகும். மற்றது, ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கிய இடத்தில் உண்டாகும் காரத்தைக் கண்டால் இளஞ்சிவப்பாகும். முதலில் சொட்டு முழுவதும் நீலப் புள்ளிகளும் சிவப்புப் புள்ளிகளும் கலந்து தெரியும். கொஞ்ச நேரத்தில் அவை பிரிந்து ஒழுங்காகின்றன: நடுவில் நீலம், விளிம்பில் சிவப்பு, இரண்டுக்கும் இடையே பழுப்பாக ஒரு துரு வளையம்.

கொஞ்சம் யோசித்தால் இது திகைக்கவைக்கும். சொட்டின் விளிம்பு மெலிந்தது. காற்றிலிருந்து ஆக்சிஜன் எளிதில் இறங்கும். நடுப்பகுதி தடித்தது, அங்கே இருந்த ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆனால் இரும்பு கரைவது நடுவில்! ஆக்சிஜன் மிகுந்த இடம் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டே இருக்கிறது. அதைக் கொடுத்துக்கொண்டே இருப்பது ஆக்சிஜன் அற்ற இடம். குழாய்க்குள் படிந்த வண்டலுக்கு அடியிலும், இணைப்புகளின் இடுக்கிலும், பழைய துருக்கட்டிக்குக் கீழேயும் ஓட்டை விழுவதற்குக் காரணம் இதுவே. வெளியே சுத்தமாகத் தெரியும் குழாய்ப் பகுதி, அழுக்குக்கு அடியில் இருக்கும் பகுதியைத் தின்றுகொண்டிருக்கும்.

இனி மூடிய சுற்றுக்கு வருவோம். 25 டிகிரியில் காற்றோடு கலந்து நிற்கும் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். ஆயிரம் லிட்டர் நீரை ஒரு சுற்றில் நிரப்பினால் உள்ளே போகும் ஆக்சிஜன் 8 கிராம். அது முழுவதும் இரும்போடு சேர்ந்து கறுப்பு ஆக்சைடாக மாறினால் கரையும் இரும்பு 21 கிராம். அவ்வளவுதான். டன் கணக்கில் எடையுள்ள குழாய்களுக்கு 21 கிராம் ஒரு பொருட்டே இல்லை. ஆக்சிஜன் தீர்ந்ததும் அரிப்பும் கிட்டத்தட்ட நின்றுவிடும். மருந்து எதுவும் கலக்காமலே, நிரப்பிய சில நாட்களில் நீர் தானாகவே சாதுவாகிவிடுகிறது.

சூடான சுற்றில் அதன்பிறகும் மெதுவாக ஒன்று நடக்கிறது. ஆக்சிஜன் இல்லாத நீரில் உண்டாகும் வெளிறிய இரும்பு ஹைட்ராக்சைடு, வெப்பத்தில் மாக்னடைட் என்னும் கறுப்பு ஆக்சைடாக மாறும். அப்போது ஹைட்ரஜனை வெளியிடும். ஜெர்மானிய வேதியியலாளர் கெர்ஹார்டு ஷிகோரின் பெயரால் இதை ஷிகோர் வினை என்கிறார்கள். ரேடியேட்டர் திருகில் எரிந்த வாயுவுக்கும் அதன்பின் வழிந்த கறுப்பு நீருக்கும் விடை இதில் இருக்கிறது. மாக்னடைட் காந்தத்தால் ஈர்க்கப்படும். அதனால் இப்போதெல்லாம் சுற்றின் நடுவே வலுவான காந்தம் பொருத்திய வடிகட்டியை வைத்து அதைப் பிடிக்கிறார்கள். புதுவகைப் பம்புகளின் சுழலிக்குள்ளேயே நிரந்தரக் காந்தம் இருப்பதால், பிடிக்காமல் விட்டால் மாக்னடைட் தூள் நேராக அங்கே போய் ஒட்டிக்கொள்ளும்.

இரும்புச் சத்துள்ள கனிமமும் சூடான நீரும் சேர்ந்து மாக்னடைட்டையும் ஹைட்ரஜனையும் தருவது குழாய்க்கு மட்டும் உரிய வேதியியல் இல்லை. கடலடிப் பாறைகளுக்குள்ளும் இது நிகழ்கிறது. 2000-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் 'லாஸ்ட் சிட்டி' என்று பெயரிடப்பட்ட வெண்ணிறக் கோபுரங்கள் நிறைந்த வெந்நீர் ஊற்றுப் பகுதியைக் கண்டுபிடித்தார்கள். அங்கே பாறையிலிருந்து வரும் ஹைட்ரஜனை உணவாகக் கொண்டு நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. உயிரின் தொடக்கமே அத்தகைய இடங்களில் இருந்திருக்கலாம் என்று கருதும் அறிவியலாளர்கள் உண்டு. ஒரு வீட்டுச் சுவரோரம் நிற்கும் ரேடியேட்டருக்குள் அந்த வேதியியலின் நெருங்கிய உறவு நடந்துகொண்டிருக்கிறது.

நீர் தானாகவே சாதுவாகிவிடும் என்றால் மருந்து எதற்கு? சுற்று உண்மையில் மூடியதாக இருப்பதில்லை என்பதால்தான். பம்பின் அச்சு அடைப்பில் துளித்துளியாகக் கசியும். எங்கோ ஒரு வால்வு இறுகாமல் இருக்கும். பழுதுபார்க்க ஒரு மாடியின் நீரை வடித்துவிட்டு மறுநாள் புதிதாக நிரப்புவார்கள். இழந்த நீரை ஈடுகட்டப் புதுநீர் உள்ளே போகும். அதனோடு ஆக்சிஜனும் போகும். முன் சொன்ன கணக்கையே நீட்டிப் பாருங்கள். ஒரு பெரிய கட்டடத்தில் நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டர் புதுநீர் போனால், ஓராண்டில் கரையும் இரும்பு ஏறத்தாழ 7.7 கிலோ. அது பத்துக் கிலோவுக்கும் மேற்பட்ட கறுப்புச் சேறாகி வால்வுகளையும் வெப்பமாற்றிகளையும் அடைக்கும். அந்த 7.7 கிலோவும் குழாய் முழுவதும் சமமாகக் கரைவதில்லை. எவன்ஸின் சொட்டு காட்டியபடி சில புள்ளிகளில் குவிந்து ஓட்டையாகிறது.

ஒரு சொட்டு நீர்கூடக் கசியாத இடத்திலும் ஆக்சிஜன் நுழைந்த வரலாறு உண்டு. தரைக்கு அடியில் பிளாஸ்டிக் குழாய்களைப் பதித்து வெந்நீரை ஓடவிட்டு அறையைச் சூடாக்கும் முறை ஜெர்மனியில் பரவியபோது, பல வீடுகளில் கொதிகலனும் எஃகு பாகங்களும் வழக்கத்துக்கு மாறாக அரிக்கப்பட்டு, குழாய்கள் சேறடைந்தன. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, நீரையும் கசியவிடாது. ஆனால் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அதன் சுவரின் ஊடே மெல்ல நடந்து உள்ளே போய்க்கொண்டிருந்தன. உள்ளே ஆக்சிஜனே இல்லை, வெளியே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். குழாய்க்குள் எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் இந்த நடையை அது தடுக்காது. ஏனென்றால் ஒவ்வொரு வாயுவும் தன் செறிவு குறைந்த பக்கம் நோக்கியே பரவும். பின்னர் ஜெர்மானியத் தரநிலை இதற்கு ஒரு வரம்பு வைத்தது: 40 டிகிரியில், குழாயிலுள்ள ஒவ்வொரு ஆயிரம் லிட்டர் நீருக்கும் நாளொன்றுக்கு 0.1 கிராம் ஆக்சிஜனுக்கு மேல் புகக் கூடாது. அதற்காகக் குழாயின் சுவரில் ஆக்சிஜனைத் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்றைச் சேர்த்தார்கள். உணவு கெடாமலிருக்கப் பொட்டல உறைகளிலும் அதே பிளாஸ்டிக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இனி மருந்துகள். இவற்றின் அடிப்படை இரும்பின் ஒரு விநோதக் குணத்தில் இருக்கிறது. 1836-இல் பாசல் நகரத்து வேதியியலாளர் கிறிஸ்டியன் ஷான்பைன், லண்டனிலிருந்த மைக்கேல் ஃபாரடேக்கு ஒரு புதிரைப் பற்றி எழுதினார். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரும்பு பொங்கிக் கரையும். அதே இரும்பை அடர்ந்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் எதுவும் நடப்பதில்லை. அப்படி ஒருமுறை முக்கி எடுத்த இரும்பை நீர்த்த அமிலத்தில் வைத்தாலும் அது கரையாமல் நிற்கும். கூரான ஒன்றால் லேசாகக் கீறிவிட்டால் மீண்டும் பொங்கத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலமோ அதைப் போன்ற ஏதோ ஒன்றோ இரும்பின் பரப்பை மூடியிருக்க வேண்டும் என்று ஃபாரடே ஊகித்தார். கண்ணுக்கே தெரியாத படலத்தை எப்படி நம்புவது? அந்த வாக்குவாதம் தொண்ணூறு ஆண்டுகள் நீண்டது. 1927-இல் அதே எவன்ஸ், அடியிலிருந்த இரும்பை மட்டும் கரைத்துவிட்டு, மேலிருந்த படலத்தைத் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டினார். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது அது. சில நானோமீட்டர் தடிப்புதான், அதாவது பத்துப் பதினைந்து அணு அடுக்குகள். எஃகுக் கட்டடங்களும் கப்பல்களும் ஆலைகளும் இன்றுவரை நிற்பதில் அந்தச் சில நானோமீட்டருக்குப் பெரும் பங்கு உண்டு.

மூடிய சுற்றில் கலக்கும் அரிப்புத் தடுப்பான்களில் முக்கியமானவை குழாய்க்குப் பெயின்ட் அடிப்பதில்லை. இரும்பே தன் மேல் அந்தப் படலத்தை வளர்த்துக்கொள்ளும்படி அதைத் தூண்டுகின்றன. இதில் நெடுங்காலம் கோலோச்சியது குரோமேட். மஞ்சள் நிறம் கொண்ட இந்த உப்பு இரும்பின் பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்து படலத்தை உண்டாக்கும். அப்படிச் செய்யும்போது தானும் குரோமியம் ஆக்சைடாக மாறி அந்தப் படலத்துக்குள்ளேயே அமர்ந்துகொள்ளும். எங்காவது கீறல் விழுந்தால் நீரிலிருக்கும் மிச்சக் குரோமேட் அங்கே போய் மூடிவிடும். பாதுகாப்பு வேதியியலில் இதற்கு நிகரான ஒன்று இன்றுவரை இல்லை என்றே சொல்வேன்.

ஆனால் அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் ஹிங்க்லி என்ற சிற்றூருக்கு அருகே, பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் எரிவாயு அழுத்த நிலையம் ஒன்று இருந்தது. அதன் குளிர்கோபுரங்களில் துருப்பிடிக்காமலிருக்கக் குரோமியம் கலந்த நீரைப் பயன்படுத்தினார்கள். அவை திறந்த சுற்றுகள்; கழிவுநீர் தொடர்ந்து வெளியேறும். 1952 முதல் 1966 வரை அந்த நீரை அடித்தளம் பூசாத குட்டைகளில் விட்டார்கள். அது நிலத்தடி நீரில் இறங்கியது. ஊர்மக்கள் தொடுத்த வழக்கு 1996-இல் 33 கோடியே 30 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. 'எரின் ப்ரோகோவிச்' திரைப்படம் சொல்வது இந்த வழக்கின் கதையைத்தான். கட்டடங்களைக் குளிர்விக்கும் கோபுரங்களில் குரோமேட் கலப்பதை அமெரிக்கா 1990-இல் தடை செய்தது. குரோமியம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நாம் கலிஃபோர்னியா போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்து, 1990-களின் நடுவில் மூடப்பட்ட ஆலை ஒன்று ராணிப்பேட்டையில் விட்டுச்சென்ற கழிவு மேடு ஒரு லட்சம் டன்னுக்கும் மேல். மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் அதிலிருந்து இறங்கியதை அந்த ஊர் மக்கள் பல்லாண்டுகளாகப் பார்த்துவந்திருக்கிறார்கள்.

குரோமேட்டின் இடத்துக்கு வந்தவற்றுள் முக்கியமானது நைட்ரைட். லிட்டருக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை கலந்தால் ஆக்சிஜன் இல்லாத நீரிலும் எஃகின் மேல் படலத்தை வளர்க்கும். மாலிப்டேட் என்ற உப்பும் உண்டு. நஞ்சு குறைவு, ஆனால் அது வேலை செய்ய நீரில் கொஞ்சமாவது ஆக்சிஜன் வேண்டும். செம்புக் குழாய்கள் இருந்தால் பென்சோட்ரையசோல் வகைச் சேர்மங்களைச் சேர்ப்பார்கள். அவை செம்பின் அணுக்களோடு பிணைந்து பரப்பை மூடிவிடும். செம்பைக் காப்பது எஃகைக் காப்பதற்காகவும்தான். கரைந்த செம்பு எஃகின் மேல் போய்ப் படிந்தால் அங்கே ஒரு புதிய பேட்டரி தொடங்கிவிடும். அருங்காட்சியகங்களில் பழைய வெண்கலப் பொருள்களைப் பாதுகாப்பவர்கள் கையாள்வதும் இதே பென்சோட்ரையசோல்தான்.

நைட்ரைட்டில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. தேவையான அளவுக்குக் கீழே போனால் அது கலக்காமல் விட்டதைவிட மோசமான கேட்டைச் செய்யும். முழு அளவில் கலந்தால் பரப்பு முழுவதும் படலம் வளர்கிறது. பாதி அளவில் கலந்தால் பெரும்பகுதி மூடிக்கொள்ளும், சில புள்ளிகள் மட்டும் திறந்து கிடக்கும். மூடிய பரப்பு கரையாவிட்டாலும் எலக்ட்ரானை ஆக்சிஜனுக்குக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும். அத்தனை எலக்ட்ரானையும் தர வேண்டியது அந்தச் சில புள்ளிகளே. ஏரிக்கரை ஓரிடத்தில் மட்டும் உடைந்தால் ஏரியின் மொத்த நீரும் அந்த ஓர் உடைப்பின் வழியே பாய்ந்து அதை அகழ்ந்துவிடுவது போல, குழாயின் மொத்த அரிப்பும் அந்தப் புள்ளிகளில் குவியும். பரப்பு முழுவதும் மெல்லத் தேய்ந்திருக்க வேண்டிய குழாய் ஊசித்துளையாய் ஓட்டையாகும். மருந்தைக் கொஞ்சமாக ஊற்றிவைப்போம், ஒன்றும் இல்லாததற்கு அது மேல் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

அந்த அளவு தானாகவே குறைவதும் உண்டு. நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றி வாழும் பாக்டீரியா இருக்கிறது. நைட்ரஜன் வாயுவாகவோ அம்மோனியாவாகவோ மாற்றும் பாக்டீரியாவும் இருக்கிறது. இரும்பைக் காக்க ஊற்றியது அவற்றுக்கு வாழ்வாதாரமாகிவிடும். ஆக்சிஜனை உறிஞ்ச சல்ஃபைட் சேர்த்தால் அது சல்ஃபேட்டாக மாறும். ஆக்சிஜன் இல்லாத இருட்டில் சல்ஃபேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவுக்கு அது வாய்ப்பு. இந்த வகை நுண்ணுயிர்கள் காற்றுப் புகாத ஈர மண்ணில் புதைந்த இரும்புக் குழாய்களையும் அரிக்கின்றன என்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1934-இலேயே விளக்கினார்கள். நுண்ணுயிரைக் கொல்ல இன்னொரு மருந்து, அந்த மருந்து உலோகத்தைத் தாக்காமலிருக்க வேறொன்று என்று சங்கிலி நீள்கிறது. இந்தச் சங்கிலி எவ்வளவு நுட்பமாக அறுந்துபோகும் என்பதை விண்வெளி நிலையத்தில் பார்க்கலாம்.

நிலையத்துக்கு வெளியே வெப்பத்தை விண்வெளியில் கொட்டும் சுற்றுகளில் ஓடுவது அம்மோனியா. அது மனிதருக்கு நஞ்சு என்பதால் ஆட்கள் இருக்கும் அறைகளுக்குள் கொண்டுவர முடியாது. உள்ளே கருவிகளின் வெப்பத்தையும் காற்றின் வெப்பத்தையும் வாங்கிக்கொண்டு சுற்றுவது நீர். 2001 பிப்ரவரியில் நிலையத்தோடு இணைக்கப்பட்ட டெஸ்டினி ஆய்வகத்தில் அப்படி இரண்டு சுற்றுகள். ஒன்று 4 டிகிரி அளவிலும் மற்றது 17 டிகிரி அளவிலும் இயங்குபவை. பூமியில் கிடைத்த அனுபவம் அனைத்தையும் திரட்டி அந்த நீரை வடிவமைத்தார்கள். தூய நீர், உலோகத்தைக் காக்கவும் காரத்தன்மையை நிலைநிறுத்தவும் பாஸ்ஃபேட்டும் போராக்சும், நுண்ணுயிரைத் தடுக்கச் சிறிதளவு வெள்ளி உப்பு. பி.எச். அளவு 9.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்பது திட்டம்.

மேலே போன சில மாதங்களிலேயே பி.எச். அளவு இறங்கத் தொடங்கி 8.4 அளவுக்கு வந்துவிட்டது. கசிவு ஏதும் இல்லை, யாரும் எதையும் கலக்கவும் இல்லை. காரணம் கருவிகளைச் சுற்றோடு இணைக்கும் வளையும் குழாய்களில் இருந்தது. அவை டெஃப்லானால் ஆனவை. மூடிய நிலையத்தில் விண்வெளி வீரர்கள் வெளிவிடும் மூச்சால், அங்குள்ள காற்றில் கார்பன் டை ஆக்சைடு பூமியைவிட ஏறத்தாழ பத்து மடங்கு கூடுதல். அது டெஃப்லான் சுவரைக் கடந்து நீரில் புகுந்து கார்பானிக் அமிலமானது. ஜெர்மானிய வீடுகளின் பிளாஸ்டிக் குழாயில் ஆக்சிஜன் செய்ததை இங்கே கார்பன் டை ஆக்சைடு செய்தது. இந்தச் செய்தியை முதலில் படித்தபோது வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதர்களின் மூச்சு, பொறியாளர்கள் முற்றிலும் மூடியதாக நினைத்த ஒரு சுற்றின் வேதியியலை மாற்றிவிட்டது!

அதன் பிறகு சிக்கல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. வெப்பமாற்றிகளின் பாகங்களை ஒட்டவைக்கப் பயன்படுத்திய நிக்கல் கலந்த பற்றவைப்பிலிருந்து நிக்கல் கரையத் தொடங்கியது. நீர் கொஞ்சம் அமிலப் பக்கம் சாய்ந்ததால் நிக்கலின் கரைதிறன் கூடியது. கரைந்த நிக்கல், உலோகத்தைக் காக்கவென்று கலந்திருந்த பாஸ்ஃபேட்டோடு சேர்ந்து நிக்கல் பாஸ்ஃபேட்டாகப் படியத் தொடங்கியது. பாதுகாப்புக்காகச் சேர்த்தது படிவுக்கு மூலப்பொருளாகிவிட்டது. வெள்ளியோ வேறு பாதையில் போனது. அது அயனியாக நீரில் மிதக்கும் வரைதான் நுண்ணுயிரைக் கொல்லும். குழாய்களின் பெரும் உலோகப் பரப்பு அதைச் சீக்கிரமே தன் மேல் படியவைத்துக்கொண்டது. நீரில் காவல் இல்லாமல் போனதும் பாக்டீரியா பெருகியது. சுற்றைத் தயாரித்தபோது எவ்வளவு தூய்மையாகச் செய்தாலும் நுண்ணுயிர் முற்றிலும் இல்லாத நீர் என்று ஒன்று கிடைப்பதில்லை.

நம் ஊர்க் கட்டடம் என்றால் முழு நீரையும் வடித்துவிட்டு, கழுவி, புதிதாக நிரப்பலாம். அங்கே வடித்த நீரை ஊற்ற இடமில்லை, புதுநீரை ராக்கெட்டில்தான் கொண்டுபோக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை நிறுத்தினால் கருவிகள் சூடேறும். ஆகவே ஓடும் நீரிலேயே வைத்தியம் பார்த்தார்கள். நீரின் மாதிரிகளைப் பூமிக்கு அனுப்பிச் சோதித்தார்கள். நிக்கலை ஈர்த்துக்கொள்ளும் பிசின் நிரப்பிய குப்பியையும், பாஸ்ஃபேட்டை ஈர்த்துக்கொள்ளும் இன்னொரு குப்பியையும் சுற்றில் இணைத்து இரண்டையும் வடிகட்டி எடுத்தார்கள். நுண்ணுயிருக்குப் புதிய மருந்தைத் தேடுவது இன்னும் கடினமாக இருந்தது. கசிந்தால் வீரர்கள் அதே காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். உலோகத்தை அரிக்கக் கூடாது. வெள்ளியைப் போலப் படிந்து மறைந்துவிடவும் கூடாது. கடைசியில் தேர்ந்தெடுத்தது ஆர்த்தோ தாலால்டிஹைடு. மருத்துவமனைகளில் எண்டோஸ்கோப் குழாய்களைக் கிருமி நீக்கப் பயன்படும் அதே பொருள். அதையும் பிசினில் ஏற்றிக் குப்பிக்குள் அடைத்து அனுப்பினார்கள்.

இந்த வைத்தியத்தில் என்னைக் கவர்வது, சேர்த்ததைவிட எடுத்தது முக்கியமாக இருந்தது என்பதுதான். பூமியில் இந்தப் பாதையை வெகுகாலமாகவே கடைப்பிடிப்பவர்கள் டென்மார்க்கில் இருக்கிறார்கள். அந்த நாட்டின் வீடுகளில் மூன்றில் இரண்டு பங்கு, ஊருக்குப் பொதுவான நிலையத்திலிருந்து மண்ணுக்கடியில் வரும் வெந்நீரால் சூடாக்கப்படுகின்றன. ஊர் முழுவதும் பரந்த அந்த மூடிய சுற்றுகளில் நைட்ரைட்டையோ மாலிப்டேட்டையோ நம்பி இருப்பதில்லை. எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் நீரின் உப்பை நீக்குகிறார்கள். கரைந்த வாயுக்களை வெளியேற்றுகிறார்கள். லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வைத்துள்ள வரம்பு. பிறகு காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் சேர்த்துப் பி.எச். அளவை 9.8-ஐ ஒட்டி நிறுத்துகிறார்கள்.

எவன்ஸின் சொட்டை மனதில் வைத்தால் இதன் நுட்பம் புரியும். அங்கே சொட்டு உப்புநீராக இருந்தது. உப்பின் அயனிகள்தான் கரையும் இடத்தையும் ஆக்சிஜன் வாங்கும் இடத்தையும் நீரின் வழியே இணைத்தன. உப்பை எடுத்துவிட்டால் அந்தப் பாதை குறுகிவிடும். தூரத்தூர இடங்கள் சேர்ந்து ஒரு பேட்டரி ஆக முடியாது. ஆக்சிஜனை எடுத்துவிட்டால் எலக்ட்ரானை வாங்க ஆளில்லை. காரத்தன்மை இருந்தால் இரும்பின் மேல் உண்டாகும் ஆக்சைடு கரையாமல் ஒட்டி நிற்கும். ஆனால் இந்த முறையை எல்லா இடத்திலும் அப்படியே எடுத்துவைக்க முடியாது. சுற்றில் அலுமினியம் இருந்தால் அவ்வளவு காரம் அதைக் கரைத்துவிடும். அதனால் ஜெர்மானிய வழிகாட்டி நெறி எஃகுக்குப் பி.எச். 10 வரை இடம் கொடுத்தாலும், அலுமினியம் உள்ள சுற்றுக்கு 9-க்கு மேல் போகாதே என்கிறது.

நம் ஊர்ப் பெரிய கட்டடங்களில் மூடிய சுற்றைப் பராமரிப்பவர்கள் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டால், மருந்து ஊற்றும் பாத்திரத்துக்கு முன்னால், புதுநீர் நுழையும் குழாயில் ஒரு மீட்டரைப் பொருத்துங்கள் என்பேன். பல இடங்களில் அந்த மீட்டர் இருப்பதே இல்லை. நீர் குறைந்தால் தானாக நிரம்பிக்கொள்ளும் வால்வு மட்டும் இருக்கும். எவ்வளவு நிரம்பியது என்று யாருக்கும் தெரியாது. நைட்ரைட் அளவு குறைகிறது என்று பரிசோதனைத் தாள் காட்டினால் உடனே இன்னொரு டிரம் வரவழைப்பார்கள். அது பாக்டீரியாவால் குறைகிறதா, கசிவால் குறைகிறதா என்பதை மீட்டர் ஒன்றே சொல்லிவிடும். நீர் போகவில்லை, நைட்ரைட் மட்டும் குறைகிறது என்றால் நுண்ணுயிரைத் தேட வேண்டும். இரண்டுமே போகின்றன என்றால் கசியும் இடத்தைத் தேட வேண்டும்.

கசியும் இடத்தைத் தேட ஸ்வீடன்காரர்கள் செய்வது எளிமையானது. ஊரைச் சூடாக்கும் தங்கள் சுற்று நீரில் பைரனின் என்ற சாயத்தை மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். கலக்கும் அளவில் அதனால் தீங்கில்லை. இரும்பைக் காப்பதில் அதற்கு எந்தப் பங்கும் இல்லை. நீரைப் பளிச்சென்ற பச்சையாக்குவது மட்டுமே அதன் வேலை. சாலையோரத்தில் பச்சைநீர் தேங்கினால் அங்கே மண்ணுக்கடியில் குழாய் கசிகிறது என்று தெரிந்துவிடும். வீட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்ததும் பச்சையாக வந்தால், வெப்பமாற்றியில் ஓட்டை விழுந்து ஊர்ச் சுற்றின் நீர் வீட்டு நீரோடு கலக்கிறது என்று அந்த வீட்டுக்காரருக்கே தெரிந்துவிடும். உடனே நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். ஓட்டை அடைபடும், புதுநீரின் தேவை குறையும், அதனோடு உள்ளே போயிருக்கக்கூடிய ஆக்சிஜனும் வெளியே நின்றுவிடும்.